புகையிலைச் சரித்திரம் – அத்தியாயம் 9: சுருட்டும் கைகள், கேட்கும் செவிகள்

சென்ற அத்தியாயத்தில், ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப் 1717ஆம் ஆண்டில் கியூபத் தீவில் விளையும் புகையிலையை ராஜாங்கத்தின் ஏகபோகச் சரக்காக்கியதையும், அதை எதிர்த்து மூன்று முறை கிளர்ந்தெழுந்த குடியானவர்களில் பன்னிருவர் 1723இல் கொல்லப்பட்டதையும், அவர்கள் பாடுபட்டு விளைவித்த இலை கடல் கடந்து செவில் நகரத்து அரசாங்க ஆலையைச் சென்றடைந்ததையும் பார்த்தோம். ஒரு நூற்றாண்டுக் காலம் தீவின் கழுத்தை இறுக்கி வந்த அந்த ஏகபோகம் 1817இல் அரசாணை ஒன்றினால் ரத்தாயிற்று. விளைவித்தவன் தன் இஷ்டப்படி விற்கலாம், முதல் உள்ளவன் ஆலை வைக்கலாம் என்ற நிலை வந்ததும், நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து சுருட்டும் சிறு பட்டறைகளும், நூற்றுக்கணக்கானோர் வரிசை வரிசையாக அமர்ந்து சுருட்டும் பேராலைகளும் ஹவானா நகரத்தின் தெருக்களில் ஒருங்கே முளைத்தன. போர் லாரஞாகா 1834இலும், ஹெர்மன் உப்மன் என்ற ஜெர்மானிய வங்கிக்காரருடைய ஸ்தாபனம் 1844இலும், கத்தலோனியாவிலிருந்து பிழைக்க வந்த ஹைமே பர்த்தகாஸின் ஆலை 1845இலும் தோன்றின. இந்தப் பெயர்கள் இன்றும் பெட்டிகளின் மேல் பொன்னெழுத்தில் மின்னுகின்றன.

சுருட்டின் பெருமையை எழுதப் புகுகிறவர்கள் அதைப் பிடித்தவர்களைப் பற்றியே எழுதித் தீர்ப்பது சம்பிரதாயமாகிவிட்டது. வின்ஸ்டன் சர்ச்சில் 1895ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்தோராம் பிராயத்தை எட்டும் தறுவாயில், ஸ்பானியப் படையோடு கூடப்போய்க் கியூபாவைப் பார்த்துவிட்டு வந்தார் என்பதும், ஹவானா சுருட்டின் மீது அவர் வைத்த பற்று கடைசி வரை தளரவில்லை என்பதும் ஸ்வாரஸ்யமான சங்கதிகள்தாம், நான் மறுக்கவில்லை. ஆயினும், பிடித்தவனுடைய சரித்திரத்தைக் காட்டிலும் சுருட்டியவனுடைய சரித்திரமே பெரிது என்பது என் அபிப்பிராயமாதலால், இந்த அத்தியாயத்தில் பிரபுக்களின் சாய்வு நாற்காலிகளை விட்டுவிட்டு, வயலுக்கும் ஆலைக்கும் வாசகர்களை அழைத்துச் செல்ல உத்தேசிக்கிறேன்.

வயல் என்றால் ஹவானாவுக்கு மேற்கே, பினார் தெல் ரியோ மாகாணத்தில், வுவெல்தா அபாஹோ என்னும் பிரதேசம். சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினேஸ் என்ற இரண்டு சிற்றூர்களைச் சுற்றியுள்ள சிவந்த மணற்பாங்கான நிலத்தில் விளையும் இலைக்கு நிகராக மற்றோர் இடத்தில் விளைவதில்லை என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் திடமான நம்பிக்கை. மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நடுகிறார்கள். செடி வளர்ந்ததும் உச்சியைக் கிள்ளிவிடுகிறார்கள். கிள்ளிய பிறகு இலைக் கணுக்களில் துளிர்க்கும் பக்கக் கிளைகளையும் விடாமல் ஒடித்துப் போடுகிறார்கள். பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சாரமெல்லாம் இலைக்கே சேர வேண்டும் என்பதுதான் காரியம். சுருட்டின் மேல் சுற்றும் இலை பழுதற்றதாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டுமாகையால், அதற்கென்று வளர்க்கும் செடிகளுக்கு மட்டும் வயல் முழுவதும் வெள்ளைத் துணியால் பந்தல் போட்டு வெயிலை மட்டுப்படுத்துகிறார்கள். உள்ளே வைக்கும் இலைக்கான செடிகள் திறந்த வெயிலில் காய்ந்து உரம் ஏறுகின்றன. அறுவடையும் ஒரே மூச்சில் நடப்பதன்று. அடியிலிருந்து இரண்டு மூன்று இலைகளைக் கையால் கிள்ளி எடுத்து, சில நாள் விட்டு அதற்கு மேலுள்ளவற்றை எடுத்து, இவ்விதம் படிப்படியாக உச்சிக்குப் போகிறார்கள்.

பறித்த இலைகளை இரண்டிரண்டாக நூலில் கோத்து, நீண்ட கொம்புகளில் தொங்கவிட்டு, பதப்படுத்தும் கொட்டகையில் ஏற்றுகிறார்கள். இந்தக் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: காலை வெயிலும் மாலை வெயிலும் அதன் குறுகிய முகப்புகளில் மட்டுமே விழ, நீண்ட பக்கங்கள் குளிர்ச்சியாக இருக்கும். சுமார் ஐம்பது நாள் அங்கே தொங்கி, பச்சை போய் மஞ்சளாகி, மஞ்சள் போய்ப் பழுப்பான இலையைக் கீழே இறக்கி அம்பாரமாகக் குவிக்கிறார்கள். குவியலின் உள்ளே தானாகவே உஷ்ணம் பிறந்து இலை புளிக்கத் தொடங்கும். நவச்சார நெடி மூக்கைத் துளைக்கும். காட்டமும் கசப்பும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். சூடு மிஞ்சினால் இலை கருகி வீணாகிவிடுமென்பதால், நடுவே கோலைச் செருகி உஷ்ணம் பார்ப்பதும், குவியலைப் பிரித்து உள்ளதை வெளியிலும் வெளியதை உள்ளேயும் மாற்றி அடுக்குவதுமாக நாட்கள் கழிகின்றன. பிறகு பொதிகளாகக் கட்டிக் கிடங்கில் போடுகிறார்கள். மேலிலையைப் பொதிவதற்கு அந்நாட்டு அரசப்பனையின் பாளை மட்டை உதவுகிறது. காரம் குறைந்த அடியிலை ஏறக்குறைய ஒரு வருஷத்தில் பக்குவமாகிவிடும். உச்சியிலைக்கு இரண்டு வருஷமாவது ஆகும். ஒரு சுருட்டுக்கு இத்தனை காலம் ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் கிடங்குக்காரர்கள் பதிலொன்றும் சொல்வதில்லை; பொதியைப் பிரித்து முகரக் கொடுக்கிறார்களாம்.

இனி ஆலைக்குள் நுழைவோம். சுருட்டுகிறவர்கள் அமர்ந்திருக்கும் பெரிய கூடத்துக்கு ஸ்பானிய மொழியில் கலேரா என்று பெயர். பள்ளிக்கூடத்து மேசைகளைப் போட்டாற்போல் வரிசையாக மரப்பலகைகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர். அவருடைய ஆயுதம் சாவேதா என்னும் சப்பையான எஃகுத் தகடு. பிடி கிடையாது, வளைந்த விளிம்பில் கூர் மட்டும் உண்டு. உள்ளே வைப்பதற்கு மூன்று வகை இலை அவர் கைக்கு வருகிறது: செடியின் உச்சியிலிருந்து வந்த காரமான லிஹேரோ, நடுவிலிருந்து வந்த மணமுள்ள செக்கோ, அடியிலிருந்து வந்து எளிதில் தீப்பிடிக்கும் வொலாதோ. காரமானது மெதுவாக எரியுமாகையால் அதை நடுவில் வைத்து, மற்றவற்றை அதைச் சூழ மடித்து அடுக்குகிறார். இந்த அடுக்குதலில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. இலைகளுக்கிடையே நுனி முதல் அடி வரை காற்றுப் போக வழி வேண்டும். நெருக்கி வைத்தால் இழுக்க வராது, தளர விட்டால் குப்பென்று எரிந்து வாயைச் சுடும். எவ்வளவு நெருக்கம் என்பதை எந்தத் தராசும் சொல்லாது. விரல் சொல்ல வேண்டும். அடுக்கியதைக் கட்டிலையால் உருட்டி, மர அச்சில் சிறிது நேரம் அழுத்தி எடுத்த பிறகு, மேலிலையைப் பலகையில் விரித்து, சாவேதாவால் ஓரத்தைச் சீராக நறுக்கி, நரம்போடிய பக்கம் உள்ளேயும் வழவழப்பான பக்கம் வெளியேயும் இருக்குமாறு சாய்வாகச் சுற்றிக்கொண்டே போகிறார். தலைப்பக்கத்துக்கு மிஞ்சிய இலையில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, ருசியற்ற மரப்பிசினைத் தொட்டு ஒட்டிவிட்டு, அடிப்பக்கத்தை அளவுக்கு நறுக்கிவிட்டால் சுருட்டு முடிந்தது. தேர்ந்த கைக்காரர் நடுத்தர அளவில் ஒரு நாளைக்கு நூறு சுருட்டுச் சுற்றுவார். மிகப் பெரியதும் விசித்திர வடிவுள்ளதுமானால் அதில் பாதிகூட ஆகாது.

சுருட்டை ஐம்பது ஐம்பதாக நாடாவில் கட்டி, நிறையையும் நீளத்தையும் பருமனையும் பரிசோதித்து, ஈரம் தணியச் சிடார் மர அலமாரிகளில் சில வாரம் வைத்துவிட்டு, பிறகு நிறம் பிரிப்பவரின் மேசைக்கு அனுப்புகிறார்கள். சாமானியக் கண்ணுக்கு எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிகிற குவியலில் அவர் டஜன் கணக்கான சாயல்களைக் காண்கிறார். ஒரு பெட்டிக்குள் இடப்புறம் சற்றுக் கருத்ததில் தொடங்கி வலப்புறம் சற்று வெளுத்ததில் முடியும்படி அடுக்கி வைக்கிறார். பெட்டியைத் திறக்கும் சீமான் இதைக் கவனிப்பதேயில்லை. ஏதோ ஒழுங்காக இருக்கிறது என்ற திருப்தி மட்டும் அவர் மனத்தில் நிற்கும். உயர்ந்த சரக்கின் கவர்ச்சி என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இத்தகைய காணாத உழைப்புத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்று சொல்லித் தேற்றிக்கொள்பவர்கள், வாயிலும் தொண்டையிலும் புற்று வைக்க அந்தப் புகை நெஞ்சுக்குள் போக வேண்டிய அவசியமில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இப்போது இந்த அத்தியாயத்தின் பிரதான விஷயத்துக்கு வருகிறேன். கலேராவில் நூறு பேர் வேலை செய்தாலும் ஓசை எழுவதில்லை. சக்கரம் சுழலவில்லை, சம்மட்டி விழவில்லை, கரும்பாலையின் கொதிகலன் இரைச்சல் இல்லை. கோயில் வாசலில் சரம் தொடுக்கும் பூக்காரி, வாங்க வந்தவரோடு பேரம் பேசிக்கொண்டே, விரலைப் பார்க்காமல் முழம் முழமாகக் கட்டித் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: பழகிய கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்போது செவியும் சித்தமும் சும்மா இருக்கின்றன. கரும்பையும் புகையிலையையும் எதிரெதிர் நிறுத்திக் கியூபாவின் வாழ்க்கையை ஆராய்ந்து 1940இல் பெர்னாந்தோ ஓர்த்திஸ் எழுதிய நூல் பிரசித்தமானது; கரும்பு யந்திரத்தையும் அடிமைக் கூட்டத்தையும் வேண்டியது, புகையிலை தேர்ந்த கையை வேண்டியது என்பது அவர் வாதத்தின் சாரம். அதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. 1886 வரை அடிமைத்தனம் நீடித்த அந்தத் தீவில், ஸ்பானியக் குடியேறிகளோடும் சுதந்திரம் பெற்ற கறுப்பர்களோடும் கூட, அடிமைகளும் சீன ஒப்பந்தக் கூலிகளும் சுருட்டுப் பலகையில் உட்கார்ந்ததுண்டு. எனினும் ஓசையற்ற கூடம் என்ற ஒன்று கரும்பாலைக்கு வாய்க்கவில்லை; சுருட்டாலைக்கு வாய்த்தது.

அந்த மௌனத்தை வீணாக்காமல் பயன்படுத்தலாம் என்ற யோசனை சுருட்டாலையில் பிறந்ததன்று. ஹசிந்தோ சாலஸ் இ கிரோகா என்ற ஸ்பானிய யாத்திரிகர் 1839இல் ஒரு காப்பித் தோட்டத்துக்குச் சென்றபோது, அடிமைகள் ஒரு கூடத்தில் பேச்சு மூச்சின்றிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, இவர்களுக்கு யாரேனும் ஒரு புத்தகம் வாசித்தால் அறிவு வளருமே என்று எழுதி வைத்தார். யாரும் காது கொடுக்கவில்லை. கால் நூற்றாண்டுக்குப் பின், அஸ்தூரியாஸ் நாட்டிலிருந்து வந்து பர்த்தகாஸ் ஆலையில் சுருட்டுச் சுற்றிக்கொண்டு, இடையே கவிதையும் எழுதிக்கொண்டிருந்த சத்தூர்னினோ மார்த்தினேஸ் என்ற இளைஞர், 1865இல் தொழிலாளருக்கென்றே ‘லா அவ்ரோரா’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகையால் என்ன லாபம்? ஒருவர் படிக்கப் பலர் கேட்பதுதான் வழி. அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி ‘எல் பீகரோ’ ஆலையில் முதல் வாசிப்பு நடந்தது. தொழிலாளர்கள் தமக்குள் ஒருவரை வாசிக்கத் தேர்ந்தெடுத்தார்கள்; வாசிக்கும் நேரத்தில் அவர் சுற்றாமல் போன சுருட்டுக்கான கூலியை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஈடு செய்தார்கள். அடுத்த மாதமே பர்த்தகாஸும் தம் ஆலையில் அனுமதி கொடுத்தார்.

லெக்தோர் என்ற உத்தியோகம் இவ்விதம் உண்டாயிற்று. இவருக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளியல்லர், கேட்பவர்களே என்பது கவனிக்கத்தக்கது. எந்த நூலை வாசிப்பது என்பதையும் கேட்பவர்களே கைதூக்கித் தீர்மானித்தார்கள். காலையில் பத்திரிகைச் செய்தி, பிற்பகலில் நாவல். விக்டர் ஹ்யூகோவும் அலெக்ஸாந்தர் தூமாவும் அங்கே வீட்டுப் பெயர்களாயினர். 1935இல் தோன்றிய மொந்தேகிறிஸ்தோ சுருட்டுக்குத் தூமாவின் கதாநாயகன் பெயர் வந்தது அந்தச் செவிச்செல்வத்தின் எச்சமே. வாசிப்பவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து, பாத்திரத்துக்குப் பாத்திரம் குரலை மாற்றி, கூடத்தின் கடைசிப் பலகை வரை எட்டும்படி வாசிக்க வேண்டும். மனம் நெகிழ்ந்தால் கரகோஷம் கிடையாது. கையில் இருக்கும் சாவேதாவால் பலகையைத் தட்டுவார்கள். நூறு எஃகுத் தகடுகள் ஒருங்கே மரத்தில் விழும் அந்த ஓசையைத்தான் ஒரு நல்ல லெக்தோர் தமக்குக் கிடைத்த விருதாகக் கருதினார்.

அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? ‘தியாரியோ தெ லா மரினா’ முதலிய பத்திரிகைகள், ஆலையில் வாசிப்பது அமைதிக்குக் குந்தகம் என்று ஓலமிட்டன. 1866 மே 14ஆம் தேதி ஆணையொன்று பிறந்தது: புத்தகமோ பத்திரிகையோ வாசித்தும், வேலைக்குப் புறம்பான விஷயங்களை விவாதித்தும் தொழிலாளரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. முதல் வாசிப்புக்கும் இந்தத் தடைக்கும் இடையே ஐந்து மாதந்தான். நாவல் கேட்கிறவனைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் இவ்வளவு சீக்கிரம் பயந்தது, பயத்துக்குக் காரணம் இருந்ததையே காட்டுகிறது. 1868இல் ஸ்பெயினுக்கு எதிரான பத்தாண்டு யுத்தம் மூண்டது.

யுத்தத்தால் துரத்தப்பட்ட சுருட்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கடலைத் தாண்டிப் புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவில் குடியேறினார்கள். கிளர்ச்சிக்காரர்களிடம் அனுதாபம் காட்டிய குற்றத்துக்காகத் தலைக்கு ஆபத்து வந்த ஆலை முதலாளி விசெந்தே மார்த்தினேஸ் இபோரும் 1869இல் அங்கே ஓடிவந்து தொழிலைத் தொடர்ந்தார். பிறகு 1885இல் டாம்பா நகரத்தருகே சதுப்பு நிலத்தை வாங்கி, ஆலையும் தொழிலாளர் வீடுகளுமாக, தம் பெயரிலேயே ஓர் ஊரை உண்டாக்கினார். இலை ஹவானாவிலிருந்து கப்பலில் வந்தது. கைகள் முன்பே வந்துவிட்டன. லெக்தோரும் கூடவே வந்தார். ஹவானாவில் தடை செய்யப்பட்ட குரல் அந்நிய மண்ணில் தடையின்றி ஒலித்தது. இந்த வழக்கம் ஸ்பானிய மொழி பேசியவர்களோடு நிற்கவுமில்லை. அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பை 1886இல் நிறுவிய சாமுவேல் காம்பர்ஸ் வாலிபத்தில் நியூயார்க்கில் சுருட்டுச் சுற்றியவர். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அவருக்காகவும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்த பட்டறை அனுபவத்தைச் சுயசரிதத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

1891 நவம்பரில் ஹோசே மார்த்தி டாம்பாவுக்கு வந்தார். கவிஞர், பத்திரிகையாளர், நாடு கடத்தப்பட்டவர், உடல் மெலிந்தவர், குரலில் மட்டும் தீ இருந்தது. 26, 27 ஆகிய இரண்டு நாட்களில் அவர் செய்த இரண்டு பிரசங்கங்களும் சுருட்டுத் தொழிலாளரை ஆட்கொண்டன. இபோரின் ஆலைப் படிக்கட்டில் தொழிலாளர் நடுவே அவர் நிற்கும் புகைப்படம் கியூபப் பாடப்புத்தகங்களில் பிரசித்தம். எத்தனை எத்தனையோ நாவல்களைக் கேட்டுக் கேட்டு வாக்கியத்தின் சுவையறிந்த செவிகள் அவை என்பதை நினைத்தால், மார்த்தியின் நீண்ட, சுழன்று சுழன்று ஏறும் வாசகங்கள் அங்கே எடுபட்டது வியப்பாகாது. 1892இல் அவர் தோற்றுவித்த கியூபப் புரட்சிக் கட்சிக்கு, வாரத்தில் ஒரு நாள் கூலியை எடுத்து வைத்துக் கொடுத்தவர்கள் இந்தத் தொழிலாளர்கள். 1895 ஜனவரியில் கிளர்ச்சியைத் தொடங்கும்படி மார்த்தி விடுத்த கட்டளை, மேற்கு டாம்பாவின் ஓர் ஆலையில் சுருட்டுக்குள் வைத்துச் சுற்றப்பட்டு ஹவானாவுக்குப் போயிற்று என்பது அவ்வூர் மக்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை. அதே ஆண்டு மே 19ஆம் தேதி தோஸ் ரியோஸ் என்ற இடத்தில் மார்த்தி போரில் வீழ்ந்தார். சர்ச்சில் கியூபாவில் கால் வைத்தது அதற்குச் சில மாதங்களுக்குப் பின். இருவரும் எதிரெதிர் அணி.

டாம்பாவின் லெக்தோருக்கு முடிவு 1931இல் வந்தது. கம்யூனிஸ்ட் பத்திரிகைகளை வாசித்து ஆட்களைக் கெடுக்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டி முதலாளிகள் மேடைகளைப் பெயர்த்தெறிந்தார்கள். வேலைநிறுத்தம் நடந்தது, தோற்றது. மேடை இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி உட்கார்ந்தது. அதற்குள் சுருட்டு யந்திரங்களும் பரவத் தொடங்கியிருந்தன. யந்திரம் வந்த கூடத்தில் யார் வாசித்தாலும் யார் காதில் விழும்? ஹவானாவிலோ, 1920களில் யந்திரம் நுழைய முயன்றபோது தொழிலாளர் கடுமையாக எதிர்த்து நின்றதன் பயனாக, கைச்சுருட்டும் பிழைத்தது, வாசிப்பும் பிழைத்தது. முந்தைய தடைகளெல்லாம் எப்போதோ காலாவதியாகிவிட்டன. வானொலி அங்கேயும் வந்தது. ஆனால் லெக்தோரின் நாற்காலியை அது பறிக்கவில்லை. சுருட்டாலை வாசிப்பைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்தாகக் கியூப அரசு 2012இல் அறிவித்தது.

பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி 1959இல் வென்று, 1960 செப்டம்பரில் சுருட்டாலைகளெல்லாம் அரசுடைமையாயின. அமெரிக்கா பதிலுக்கு வர்த்தகத் தடை விதிக்கத் தீர்மானித்தது. அந்தக் கட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஜனாதிபதி கென்னடியின் பத்திரிகைச் செயலாளராயிருந்த பியேர் சாலிங்ஜர் பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். 1962இன் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை கென்னடி அவரை அழைத்து, மறுநாள் காலைக்குள் ஆயிரம் பெத்தி உப்மன் சுருட்டுகள் வேண்டும் என்றாராம். சாலிங்ஜர் வாஷிங்டன் கடைகளையெல்லாம் சுற்றி, 1,200 சுருட்டுகள் கிடைத்தன என்று மறுநாள் காலை வந்து சொன்னதும், கென்னடி மேசை அறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கியூபச் சரக்கு ஒன்றும் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்னும் ஆணை அது. பிப்ரவரி 7ஆம் தேதி தடை அமலுக்கு வந்தது.

சொத்தை இழந்த ஆலைக் குடும்பங்கள் பலவும் தீவை விட்டுப் புறப்பட்டன. பர்த்தகாஸை நடத்திய சிபுயெந்தேஸ், மொந்தேகிறிஸ்தோவை உண்டாக்கிய மெனெந்தெஸ் முதலியோர் கட்டடத்தையும் கிடங்கையும் விட்டுவிட்டுப் போக நேர்ந்ததே தவிர, எந்த இலையை எதனோடு சேர்ப்பது என்ற அறிவை யாரும் பறிமுதல் செய்ய முடியவில்லை. கியூப விதை டொமினிக்கன் குடியரசிலும், ஹோண்டுராஸிலும், நிகராகுவாவின் எஸ்தெலிப் பள்ளத்தாக்கிலும் எவ்வாறு வேரூன்றியது, ஒரே பெயரில் இரண்டு நாடுகளில் இரண்டு சுருட்டுகள் விற்கும் விநோதம் எப்படி நேர்ந்தது என்பவற்றை அடுத்த அத்தியாயத்தில் காண்போம். நம் உறையூர்ச் சுருட்டைப் பற்றிக் கேட்டு எழுதும் அன்பர்கள் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும். அதற்குத் தனியே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

(தொடரும்)